தேய்ந்த பல்

புதைபடிவப் பல் ஒன்றை நீட்டி, "இதை எந்தப் பக்கம் போடலாம்?" என்றுதான் கேட்டேன். பெரியவர் லென்ஸையும் வாங்கிப் பல்லைப் பார்த்துவிட்டு, "அரை மணி நேரமாகக் கையில் வைத்திருப்பவர் நீங்கள், நீங்களே சொல்லுங்கள்" என்று திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான் பேச்சு.

அவரிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. கேட்பதற்கு முன்பே எண்ணிவிட்டேன். ட்ரேயில் மொத்தம் 40 பற்கள். ஆப்பிரிக்கப் புல்வெளி மான்களான வில்டபீஸ்ட், டோப்பி கூட்டமும், கசெல் என்னும் சிறு மான் கூட்டமும் சேர்ந்து 23. இதையும் அங்கே சேர்த்தால் 24. சரியாக 60 சதவீதம்.

புதைபடிவ ஆய்வாளர் எலிசபெத் விர்பா 1980இல் வைத்த அளவுகோல்தான். இன்றைய சரணாலயங்களில் எண்ணிப் பார்த்து, மாடு, ஆடு, இந்த மான்கள் எல்லாம் அடங்கிய மாட்டினக் குடும்பத்தில் இந்த இரு கூட்டமும் 60 சதவீதத்தைத் தாண்டினால் திறந்த புல்வெளி, 30க்குக் கீழே என்றால் மரம் அடர்ந்த இடம் என்றார். புல்லும் இலையும் இரண்டும் தின்னும் இம்பாலா மான் இந்தக் கூட்டுத்தொகையில் சேராது. என் கையிலிருந்ததோ, இம்பாலாவா, டோப்பி வகையில் சிறியது ஏதாவதா என்று பிரிக்க முடியாதபடி எனாமல் மடிப்பெல்லாம் தேய்ந்துபோன கடைவாய்ப்பல்.

எனக்குப் புல்வெளிதான் வேண்டியிருந்தது. சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமி குளிர்ந்தது, ஆப்பிரிக்கக் காடு சுருங்கியது, வில்டபீஸ்ட் கூட்டம் கிளை கிளையாகப் பிரிந்தது. கென்யாவில் புதைபடிவங்கள் கிடைக்கும் லோதகாமில் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தலைகாட்டிய இம்பாலா வழி மட்டும் பெரிதாக மாறாமல் கிடந்தது. விர்பா சொன்ன இந்தக் கதை அத்தனை அழகு. (கிழக்கு ஆப்பிரிக்காவின் துர்கானா ஏரிப் படுகையின் புதைபடிவங்களை வைத்து 1997இல் வேறு ஆய்வாளர்கள், அப்படித் திடீர்த் திருப்பம் தெரியவில்லை, மெல்ல மெல்லத்தான் மாறியிருக்கிறது என்றார்கள். படித்திருந்தேன். இருந்தாலும்.)

அதனாலேயே இம்பாலா என்று எழுதினேன். ஆசைப்பட்ட பக்கம் சாயக்கூடாதே! அன்று அது நேர்மையாகத்தான் பட்டது. ஆனால் நான் பல்லைப் பார்த்தா எழுதினேன்? என் ஆசையைப் பார்த்தல்லவா எழுதினேன்.

'இனம் தெரியவில்லை' என்று எழுதியிருக்கலாம். ஆனால் தேய்ந்ததையெல்லாம் அப்படி ஒதுக்கினால் கிழட்டு மான்கள் கணக்கிலேயே வராமல் போகும்.

இத்தனை சின்ன ட்ரேயில் 57.5 என்ன, 60 என்ன, பிழை வரம்பு அதைவிடப் பெரிது. தெரியும். அட்டையில் இம்பாலாவுக்குப் பக்கத்தில் கேள்விக்குறிகூடப் போட்டிருந்தேன். கணினியில் ஏற்றும்போது அந்தக் கட்டம் கேள்விக்குறியை ஏற்கவில்லை. நான்தான் அழித்தேன்.