என்னிடம் சொல்லுங்கள்

தண்டுவடக் காயமுற்றவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவில் இயன்முறைச் சிகிச்சையாளராக வேலை பார்த்த ஆண்டுகளில் நான் நிரப்பிய மதிப்பீட்டுப் படிவங்களுக்குக் கணக்கில்லை. மொத்தம் 18 இனங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண்: முழுக்கப் பிறர் செய்துவிட்டால் 1, தாமே செய்தால் 7. அவற்றில் உண்பது, உடுத்துவது, குளிப்பது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என உடலியக்கம் சார்ந்தவை மட்டும் 13. இந்தப் பதின்மூன்றையும் ஒருவர் தாமே செய்துவிட்டால் 91 கிடைக்கும். சென்ற ஆண்டு காலமான ஒருவர், என் பேனாவிடமிருந்து கடைசிவரை அதில் பாதியைக்கூட வாங்கவில்லை. ஆனால் நான் அறிந்தவர்களில் அவரளவுக்குத் தம் விருப்பப்படி வாழ்ந்தவர் வேறு யாருமில்லை.

அவருடைய காயம் கழுத்துத் தண்டுவடத்தின் ஆறாம் மட்டத்தில். தோளை அசைக்கவும், முழங்கையை மடக்கவும், மணிக்கட்டை உயர்த்தவும் முடியும். விரல்களில் உயிர் இல்லை. ஆனால் மணிக்கட்டை மேல்நோக்கி வளைக்கும்போது விரல்களின் தசைநாண்கள் தாமாக இழுபட்டு விரல்கள் மடங்கும். கட்டைவிரல் ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் வந்து அமரும். அந்தப் பிடியில்தான் அவர் கோப்பையைத் தூக்கினார், பக்கம் புரட்டினார். மணிக்கட்டையும் விரல்களையும் ஒருசேர நிமிர்த்தி நீவிவிட்டால் நாண்கள் நீண்டு அந்தப் பிடி போய்விடும். பார்க்க வருபவர்கள் பாசத்தோடு அவர் கையைப் பற்றி நீவத் தொடங்கும்போதெல்லாம் அவர் சிரித்தபடி கையை இழுத்துக்கொள்வார்: "விரல் வளைந்திருப்பதுதான் என் சொத்து, அதை நிமிர்த்திவிடாதீர்கள்."

வீடு திரும்புவதற்கு முந்தைய வாரம், அவருடைய உதவியாளருக்கு நான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். இரவில் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்திருக்கிறதா என்று எங்கே பார்ப்பது என்று அவருடைய தலைக்கு மேலாக நான் பேசிக்கொண்டே போனேன். அவர் குறுக்கிட்டார். "சார், என்னிடம் சொல்லுங்கள். நான் அவருக்குச் சொல்லிக்கொள்கிறேன்." எனக்குச் சற்றுச் சுருக்கென்றது, புரட்டப்போவது அவரல்லவே என்றுகூட நினைத்தேன். பிறகு வந்த ஆண்டுகளில் உதவியாளர்கள் பலர் மாறினார்கள். ஒவ்வொருவரையும் அவரே தேர்ந்தெடுத்தார், படுத்தபடியே சொல்லிக்கொடுத்தார், ஒத்துவராதவரை அவரே அனுப்பினார். என்னிடம் கற்றுக்கொண்ட அந்த முதல் உதவியாளரோடு எல்லாம் போயிருந்தால் அவர் கதி என்னவாகியிருக்கும் என்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் உறைத்தது.

ஒருமுறை ஒரு மருத்துவமனையில் வேறு ஏதோ காரணத்துக்காக அனுமதிக்கப்பட்டிருந்தபோது, அவருக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி. முகமும் கழுத்தும் சிவந்து வியர்த்துக் கொட்டின. ரத்த அழுத்தம் 150. "150தானே, படுத்து ஓய்வெடுங்கள்" என்றார்கள். அவருடைய வழக்கமான அழுத்தம் 95 என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை. மார்புத் தண்டுவடத்தின் ஆறாம் மட்டத்துக்கு மேல் காயமுற்றவர்களுக்கு, உணர்வற்ற கீழுடலில் ஏற்படும் ஒரு சிறு தொந்தரவுகூட அழுத்தத்தைக் கட்டின்றி ஏற்றிவிடும். கவனிக்காவிட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம். பெரும்பாலும் காரணம் நிரம்பிய சிறுநீர்ப்பைதான். அந்தத் தலைவலிக்கு நடுவிலும் அவர் வரிசையாகக் கட்டளையிட்டிருக்கிறார்: படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி உட்கார வையுங்கள், காலைத் தொங்கவிடுங்கள், இடுப்பு வாரைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா பாருங்கள். குழாய் தொடைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. எடுத்துவிட்ட சில நிமிடங்களில் அழுத்தம் இறங்கியது. அதைச் செய்தவை வேறொருவரின் கைகள். என் படிவத்தின்படி அதற்கு மதிப்பெண் 1.

இந்தக் கணக்கின் கோளாறை முதலில் கண்டவன் நானல்லன். அமெரிக்காவின் எட் ராபர்ட்ஸ் 14 வயதில், 1953இல், போலியோவால் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். இரவில் மூச்சுவிட உதவும் 'இரும்பு நுரையீரல்' இயந்திரத்துக்குள் உறங்கியபடியே 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படிக்கச் சேர்ந்தார். வேலைக்குத் தகுதியற்ற அளவுக்கு ஊனமுற்றவர் என்று அவரைத் தட்டிக்கழித்த கலிபோர்னியா மறுவாழ்வுத் துறைக்கே 1975இல் அவர் இயக்குநரானார். இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்ததெல்லாம் என் பேனாதான்.

என்னிடம் சிகிச்சை பெற்ற அந்த மனிதரை நுரையீரல் தொற்று கொண்டுபோனது; இத்தகைய காயத்தில் இருமலுக்கு வலுவில்லாததால் சளி தேங்குவது எப்போதும் உள்ள ஆபத்து. அவரிடம் கடைசியாக இருந்த உதவியாளர் இப்போது வேறொருவரிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். இருவரும் சென்ற வாரம் எங்கள் பிரிவுக்கு வந்தார்கள். புதியவருக்குக் காயம்பட்டு நான்கு மாதம்தான் ஆகிறது. தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். நான் பழக்கதோஷத்தில் உதவியாளர் பக்கம் திரும்பி, நாற்காலி மெத்தையை எப்படிப் போடவேண்டும் என்று ஆரம்பித்தேன். உதவியாளர் தம் கையிலிருந்த குறிப்பேட்டை மூடினார்.

"சார், அவரிடம் சொல்லுங்கள். அவர் எனக்குச் சொல்வார்."