சுண்ணாம்புக்கு அடியில் வாழைப்பூ

கும்பகோணம் பக்கத்தில் ஒரு சிறிய கல்லூரியில் கலை வரலாறு முதுகலை படித்தேன். வகுப்பில் ஆறு பேர், பேராசிரியர் ஒருவர். துறை நூலகம் என்பது இரண்டு பீரோக்கள். அதில் இல்லாத புத்தகத்துக்குத் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்துக்கு பஸ் ஏற வேண்டும். தவறான இடத்தில் சேர்ந்துவிட்டோமோ என்று முதல் மாதம் முழுக்கக் கலங்கினேன்.

அந்தக் கலக்கம் நாகேசுவரன் கோயிலில் தீர்ந்தது. அங்கே கருவறைப் புறச்சுவரின் மாடங்களில் முற்காலச் சோழர் செதுக்கிய ஆண், பெண் உருவங்கள் நிற்கின்றன. அவர்கள் அரச குடும்பத்தினரா, இராமாயணப் பாத்திரங்களா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆசிரியர் கேமராக்களை வாங்கி வைத்துக்கொண்டு தாளும் பென்சிலும் கொடுத்தார். "ஆளுக்கு ஒரு சிற்பம், இரண்டு மணி நேரம். அழகு என்ற சொல்லை மட்டும் எழுதாதீர்கள்." பத்து நிமிடத்தில் எழுத ஒன்றுமில்லாமல் போனது. அதற்குப் பிறகுதான் பார்க்கவே தொடங்கினேன். ஒரு காலில் எடை தாங்கி மறுகாலைத் தளர்த்தினால் இடுப்பு எப்படிச் சரிகிறது, தோள் அதை எப்படிச் சமன் செய்கிறது என்பதைக் கல்லில் கண்ட நாள் அது. பெரிய கல்லூரியில் நாற்பது பேரோடு படித்திருந்தால் எனக்கு இது கிடைத்திருக்காது.

இறுதி ஆண்டு ஆய்வேட்டுக்கு ஒரு கிராமத்துச் சிவன் கோயிலை எடுத்துக்கொண்டேன். படமெடுக்க அனுமதி வாங்கவே ஒன்றரை மாதம் அலைந்தேன். பிறகு ஜகதி, குமுதம், கண்டம் என்று அதிட்டானத்தை, அதாவது கோயிலின் அடித்தளத்தை, முழம் முழமாக அளந்தேன். கருவறைச் சுவரில் சோழர் கல்வெட்டு இருந்தது. அந்தத் தெம்பில் கோயில் முழுவதும் பத்தாம் நூற்றாண்டு என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆசிரியர் சிவப்பு மையில் ஒரே வரி எழுதித் திருப்பினார்: "முன்மண்டபமும் அதே காலம் என்று யார் சொன்னது?"

பாண்டிச்சேரியில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் நூறாண்டுகளுக்கு முன்பே தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை, லாட வடிவ அலங்காரமான கூடு போன்ற உறுப்புகளின் வடிவ மாற்றத்தைக் கொண்டு தென்னகக் கோயில்களைக் கால வரிசைப்படுத்தியவர். அதை நாங்கள் பாடமாகவே படித்திருந்தோம். சோழர் போதிகை சாய்வாக வெட்டியிருக்கும். விஜயநகர, நாயக்கர் காலத்தில் அதிலிருந்து மொட்டு தொங்கும். படித்தும் கோட்டைவிட்டிருந்தேன். காரணம், மண்டபத் தூண்களில் ஆண்டாண்டாகப் பூசிய சுண்ணாம்பு. எல்லாப் போதிகையும் வெள்ளைக் கட்டியாகவே தெரிந்தது. கல்லின் மேல் சுண்ணாம்பு பூசுவதைக் கண்டால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

மறுபடி போய் டார்ச் அடித்து அண்ணாந்து நின்றேன். வயதான குருக்கள் வந்து என்ன தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"அந்த வாழைப்பூவா அம்மா? நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நன்றாகத் தெரியுமே. தூணுக்கு நான்கு."

வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். பூச்சுக்கு அடியில் கூம்பிய மொட்டின் நிழல் விழுந்தது. அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதினேன்: கருவறை சோழர் காலம், முன்மண்டபம் பல நூற்றாண்டுகள் பிந்தியது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பக்கத்தில்தான் நிறுத்தினார். பூச்சுக்கு உள்ளே இருப்பது எப்படித் தெரிந்தது என்று கேட்டார். குருக்கள் சொன்னதைச் சொன்னேன். அடிக்குறிப்பில் அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லி ஏட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.