ஒன்றரை மணிப் புள்ளி

பிப்ரவரி பிறந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் எல்லார் கண்ணும் போனிலேயே இருக்கும். செயற்கைக்கோள் கண்ட தீ பற்றிய எச்சரிக்கை டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனத்திலிருந்து குறுஞ்செய்தியாக வரும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு வனக்கோட்டத்தில், அந்தச் செய்தியிலுள்ள அட்சரேகை, தீர்க்கரேகையை வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைத்துப் பார்த்து, காட்டில் இருப்பவர்களுக்கு இடம் சொல்வது என் வேலை.

சேர்ந்த முதல் கோடையில் ஒரு புள்ளியை விட்டுவிட்டேன். பகல் ஒன்றரை மணி வாக்கில் விழுந்தது. நம்பகத்தன்மை 'குறைவு' என்று போட்டிருந்தது. கூகுள் படத்தில் மொட்டைப் பாறைச் சரிவு. வெயிலில் காய்ந்த பாறைதான் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். பாறையை ஒட்டி இடுப்பளவுக்குப் புல் காய்ந்து நின்றது எனக்குத் தெரியாது. சாயங்காலம் அடிவாரத்து ஊரிலிருந்து போன் வந்தபோது தீ முகட்டைத் தொட்டிருந்தது. எட்டுப் பேர் விடிய விடியப் பச்சைத் தழையால் அடித்து அணைத்தார்கள்.

மறுநாள் நானும் மேலே போனேன். மூத்த தீத்தடுப்புக் காவலர் ஒருவர், முன்கை மயிரெல்லாம் பொசுங்கியிருக்க, பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "தப்பாப் போனாலும் பரவால்ல சார், ஒரு நடை நடந்துட்டு வந்துருவோம். சொல்லாம மட்டும் விட்றாதீங்க" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகுதான் புள்ளி என்றால் என்ன என்று உட்கார்ந்து படித்தேன். செயற்கைக்கோள் நெருப்பைப் பார்ப்பதில்லை, வெப்பத்தைத்தான் பார்க்கிறது. சாதாரணத் தரை 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி அதிகமாகக் கதிர்வீசும்; எரியும் புல்லோ 4 மைக்ரானை ஒட்டி. அதனால் அந்த அலைவரிசையில் சின்ன நெருப்பும் பளிச்சென்று தெரியும். செயற்கைக்கோளில் இருந்து இப்படிப் பார்க்கும் விர்ஸ் (VIIRS) என்ற கருவியின் படத்தில் ஒரு கட்டம் 375 மீட்டர் சதுரம், கிட்டத்தட்ட 35 ஏக்கர். அதில் எந்த மூலையில் தீ, நடுவில் ஓடை இருக்கிறதா, எந்தப் பக்கம் ஏறலாம் என்பதெல்லாம் நடக்கிறவருக்குத்தான் தெரியும்.

நேரம் இன்னொரு தொல்லை. விர்ஸ் உள்ள செயற்கைக்கோள்கள் பகலும் இரவும் ஒன்றரை மணியை ஒட்டியே கடக்கின்றன. மூன்று மணிக்குப் பிடிக்கும் தீ அவற்றின் கண்ணில் பட நள்ளிரவு தாண்டிவிடும். இந்தியாவின் இன்சாட் செயற்கைக்கோள் அரை மணிக்கொருமுறை பார்க்கிறது, ஆனால் அதன் வெப்பக் கட்டம் 4 கிலோமீட்டர். சின்னத் தீ அதில் கரைந்துவிடும். சரிவில் காய்ந்த புல்லுக்கு அவ்வளவு நேரமெல்லாம் வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மூண்ட தீ, மலையேறப் போனவர்களில் 23 பேரைக் கொண்டுபோனது.

ஒருமுறை கூட்டத்துக்காக இருபது வருடத் தீப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கோட்டுப் படமாகக் கேட்டார்கள். கோடு ஒரு வருடத்தில் செங்குத்தாக ஏறியது. பருவநிலை மாற்றம் என்று எழுதக் கை போய்விட்டது. உண்மையில் அந்த வருடம் 1 கிலோமீட்டர் கட்டமுள்ள மோடிஸ் (MODIS) என்ற பழைய கருவியிலிருந்து விர்ஸுக்கு மாறியிருந்தோம். கண் கூர்மையானதால் புள்ளி கூடியது. உலக அளவிலும் எரியும் மொத்தப் பரப்பு குறைந்துதான் வந்திருக்கிறது, புல்வெளிகள் வயல்களானதால். இதைச் சொன்னால் பருவநிலை மாற்றத்தை மறுக்கிறேன் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 2023இல் கனடாவில் சுமார் 1.5 கோடி ஹெக்டேர் எரிந்தது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.3 கோடிதான். அவ்வருடம் அங்கே கியூபெக் மாகாணத்தில் தீக்குத் தோதான வானிலை அமையும் வாய்ப்பைப் புவி வெப்பமாதல் குறைந்தது இரண்டு மடங்காக்கியது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இவ்வளவு பெரிய உண்மைக்கு என் தப்பான கோடு சாட்சி சொல்லக் கூடாது. எங்கள் மலையில் தீ வைப்பது பெரும்பாலும் மனிதக் கைதான். சருகு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதில்தான் வெயிலின் பங்கு இருக்கிறது.

போன மார்ச்சில் அதே பாறைச் சரிவில் மறுபடி ஒரு புள்ளி, அதே 'குறைவு'. உடனே கூப்பிட்டுச் சொன்னேன். இரண்டு மணி நேரம் ஏறிப்போய் அந்த மூத்த காவலரே பேசினார். "வெறும் பாறைதான் சார். ஆனா பக்கத்துல புல்லு நல்லாக் காஞ்சு கெடக்கு. வந்தது வந்துட்டோம், தீ பரவாம இருக்கத் தடுப்புக் கோடு வெட்டிட்டு இறங்குறோம்."