பாண்டிமாதேவிக்கு ஒரு கும்பிடு

சொக்கநாதரைத் தரிசித்துவிட்டுப் பிரகாரத்தில் அறுபத்துமூவரைக் கும்பிட்டுக்கொண்டே வந்தோம். பேத்தி ஓரிடத்தில் நின்றுவிட்டாள். "அப்பத்தா, எல்லாரும் தாத்தாவா இருக்காங்க. இவங்க மட்டும் யாரு?" எட்டு வயசு. இப்போதுதான் கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். பெயரை வாசிக்கச் சொன்னேன். மங்கையர்க்கரசியார் என்று முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

63 நாயன்மார்களில் பெண்கள் மூன்றே பேர். காரைக்கால் அம்மையார், சுந்தரரைப் பெற்ற இசைஞானியார், அப்புறம் எங்கள் மதுரை அரசி. அவர் கணவர் நின்றசீர் நெடுமாறரும் மந்திரி குலச்சிறையாரும் இதே வரிசையில் இருக்கிறார்கள். "ஒரே அரண்மனையில மூணு பேரா?" என்று விரல் விட்டு எண்ணினாள்.

பொற்றாமரைக் குளத்துப் பக்கம் உட்கார்ந்து கதையைச் சொன்னேன். ஏழாம் நூற்றாண்டுக் கதை. சோழ நாட்டு இளவரசி, மானி என்று பெயர், பாண்டியனுக்கு வாழ்க்கைப்பட்டு மதுரைக்கு வருகிறாள். ராஜா நெல்வேலிப் போரில் வென்ற வீரர். ஆனால் அவருக்கு முதுகு கூன். அவர் பின்பற்றியது சமண சமயம். அரண்மனையில் சிவனை நினைத்தவர்கள் ராணியும் மந்திரியும்தான். ராணி நெற்றியில் திருநீறு பூச முடியாமல், வெளியே தெரியாதபடி நெஞ்சில் பூசிக்கொள்வாராம். என் ஆச்சி அப்படித்தான் சொல்வார்.

திருஞானசம்பந்தர் திருமறைக்காட்டில் இருக்கிறார் என்று தெரிந்ததும் ராணியும் மந்திரியும் ஆள் அனுப்பி அழைக்கிறார்கள். நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தடுக்க, சம்பந்தர் கோளறு பதிகம் பாடிவிட்டுக் கிளம்பிவிட்டார். மதுரைக்கு வந்த அன்று இரவே அவர் தங்கிய மடத்துக்குச் சமணர்கள் தீ வைத்தார்கள். அந்தத் தீ பாண்டியனையே சேரட்டும் என்று பாடியவர், 'பையவே' போகட்டும் என்று ஒரு சொல்லையும் சேர்த்தார். ராணியின் தாலியை நினைத்துத்தான் அந்தச் சொல்லைப் போட்டார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ராஜாவுக்கு வெப்பு நோய் கண்டது.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும். கட்டிலில் புருஷன் உடம்பு கொதிக்கக் கிடக்கிறான். சுற்றிலும் கோபத்தோடு அத்தனை பேர். அவர்கள் நடுவில் சம்பந்தர் என்ற சின்னப் பையன் வந்து உட்காருகிறான். வாதில் வெல்வானா என்று ராணி பார்க்கவில்லை, இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான் பதறுகிறாள். அந்தப் பதற்றத்தைச் சம்பந்தர் பார்த்துவிட்டார். மான்விழி அரசியே, பால் குடிக்கும் பாலகன் என்று எனக்காக வருந்தாதே, ஆலவாய் அரன் துணை நிற்கிறான் என்று அவளுக்கே ஒரு பதிகம் பாடினார். மருந்து ராஜாவுக்கு என்றாலும் முதல் ஆறுதல் ராணிக்குத்தான்.

"பாதி உடம்பு அவங்களுக்கு, பாதி சம்பந்தருக்கு" என்றேன். இடது பக்கம் சமணர்கள் மந்திரித்தார்கள். சூடு இன்னும் ஏறியது. வலது பக்கம் சம்பந்தர் 'மந்திரமாவது நீறு' என்று பாடிப் பூசினார், குளிர்ந்துவிட்டது. கோயில் மடைப்பள்ளிச் சாம்பலைத்தான் எடுத்துப் பூசினார் என்பது எங்கள் ஊர் வழக்கு. அப்புறம் ராஜாவே கேட்டுக்கொள்ள, இடது பக்கமும் குணமானது.

சாயங்காலம் சோழவந்தான் பஸ் ஏறித் திருவேடகம் போனோம். அதுவும் மதுரையைப் போலவே பாடல் பெற்ற தலம். அடுத்து சமணர்களோடு நடந்த வாதில், வைகையில் விட்ட சம்பந்தரின் ஏடு வெள்ளத்தை எதிர்த்து நீந்தி இங்கே வந்து ஒதுங்கியது. குலச்சிறையார் குதிரையில் பின்தொடர்ந்து வந்து எடுத்தாராம். அந்த ஏட்டில் வேந்தனும் ஓங்குக என்று எழுதிய வாக்கில்தான் ராஜாவின் கூனும் நிமிர்ந்தது. தோற்றவர்களுக்குக் கிடைத்த தண்டனை பற்றியும் கதை உண்டு. அதை நான் சொல்லவில்லை. பிள்ளையை நினைத்துப் பதறிய ராணியோடு அந்தக் கதையை என்னால் சேர்த்துச் சொல்ல முடிவதில்லை.

ஏடகநாதரையும் ஏலவார்குழலி அம்மனையும் கும்பிட்டுவிட்டு ஆற்றங்கரைக்குப் போனோம். மணலுக்கு நடுவே வாய்க்கால் அளவுக்குத்தான் தண்ணீர். பேத்தி ஒரு இலையைக் கிள்ளி விட்டாள். அது மதுரைப் பக்கமாகவே போனது. கொஞ்ச தூரம் கூடவே ஓடிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"ராணியம்மாவுக்குச் சாமி நாள் எப்ப அப்பத்தா?"

"சித்திரை ரோகிணி."

"அன்னிக்கும் வரணும்."

ராத்திரி வீட்டுக்கு வந்ததும், காகிதத்தில் மடித்து வைத்திருந்த திருநீற்றை எடுத்துக்கொண்டு நேராகத் தாத்தாவிடம் போனாள். அவருக்கு ஒரு மாதமாக முழங்கால் வலி. வலது காலில் பூசினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கமும் நானே பூசிடுறேன்" என்று இடது காலையும் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.