லூருக்குக் கண்ணி முடிச்சு

நேற்று முகத்துவாரத்தில் தூண்டிலில் மாட்டிய பாரை மீன், கரைக்கு இரண்டு முழம் இருக்கும்போது அறுத்துக்கொண்டு போய்விட்டது. தூண்டில் நரம்பு அறுந்தது சரியாக முடிச்சில். அவசரத்தில் காய்ந்த நரம்பை அப்படியே இழுத்து இறுக்கியிருந்தேன். உரசும் சூட்டில் நைலான் அந்த இடத்தில் பலமிழந்துவிடும். எச்சில் தொட்டு நனைத்து, மெதுவாக இறுக்கியிருக்க வேண்டும்.

லூருக்கு, அதாவது மீன் போலச் செய்த போலி இரைக்கு, நான் போடுவது உருவிக்கொள்ளாத கண்ணி. நரம்பில் முதலில் தளர்வாக ஒரு சாதா முடிச்சு. நுனியை லூரின் வளையத்தில் கோத்து, அதே முடிச்சுக்குள் வெளியே வந்த பக்கமாகவே திருப்பி விட்டு, தாய் நரம்பை, அதாவது கோலுக்குப் போகும் பக்கத்தை, சுற்றி நான்கைந்து சுற்று. அப்புறம் மறுபடி முடிச்சுக்குள். கண்ணி சின்னதாக இருக்கட்டும். வளையத்தோடு ஒட்டி இறுக்கினால் லூர் விறைத்துக்கொள்ளும். கண்ணியில் ஆடினால்தான் உயிர்மீன் போல நெளியும்.

இன்று சாயங்காலம் மறுபடி போகிறேன். அந்தப் பாரை அங்கேதான் இருக்கும்.