திலதர்ப்பணபுரியில் ஒரு தை அமாவாசை

சென்ற மார்கழியில் அப்பாவின் தலைத்திவசம் முடிந்தது. தை அமாவாசைக்குத் திலதர்ப்பணபுரிக்குப் போய் எள்ளும் நீரும் விட்டுவர வேண்டும் என்று அம்மா சொன்னபோது, நானும் அண்ணனும் பேசி ஏழெட்டு மாதங்கள் ஆகியிருந்தன. நிலத்தைக் குத்தகைக்கு விடுவதா, நாமே பயிரிடுவதா என்பதில் தொடங்கிய சண்டை அது. அப்பா கதிர் பால் பிடித்திருந்த வேளையில் போய்விட்டார். அந்த விளைச்சலை அறுத்துக் கரை சேர்த்தபின் எங்களைச் சேர்த்துவைக்க வேறு வேலை இல்லாமல் போயிற்று.

திருவாரூர் மாவட்டத்தில் பூந்தோட்டத்தை அடுத்து, கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்கு அருகே உள்ள சிற்றூர் இது. திருஞானசம்பந்தர் பாடிய தலம். திலம் என்றால் எள். தசரதனுக்கு இராமன் இங்கே பிண்டம் வைத்தபோது நான்கு பிண்டங்களும் லிங்கங்களாயின என்பது தலபுராணம். கோயிலின் முன்னே யானை முகம் இல்லாமல் மனித முகத்தோடு ஆதி விநாயகர் வீற்றிருக்கிறார். பார்க்கும் எவருக்கும் தெரிந்த ஒரு முகத்தை நினைவூட்டக்கூடிய முகம் அது; எனக்கு யாரை நினைவூட்டியது என்று சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுச் சாப்பாட்டுக்கென்று அப்பா ஒரு மா நிலத்தில் நட்டிருந்த சீரகச்சம்பாவின் அரிசியைத்தான் அம்மா பிண்டத்துக்கு முடிந்து கொண்டுவந்திருந்தார். இருவரும் விரலில் தர்ப்பைப் பவித்திரம் அணிந்து பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்தோம். குருக்கள் அப்பா பெயர், தாத்தா பெயர் கேட்டார், சொன்னோம். தாத்தாவின் அப்பா பெயரைக் கேட்டதும் நான் அண்ணனைப் பார்த்தேன், அண்ணன் என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற அம்மா, அந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர், தாம் கண்ணால் காணாத மாமனாரின் தந்தை பெயரைத் தயங்காமல் சொன்னார். எங்கள் மேலைவயலின் மடைக்கு ஊரார் வழங்கும் பெயர்தான் அது. இத்தனை ஆண்டுகள் அந்த மடையைத் திறக்கவும் அடைக்கவும் செய்த நாங்கள், அதை ஓர் ஆளின் பெயர் என்று நினைத்ததே இல்லை.

தாய்வழி முன்னோர் முடிந்தபின் காருணிய பித்ருக்கள் முறை வந்தது. உறவு முறைக்குள் வராதவர்களுக்கும் எள் இறைக்க இடம் தருகிற பகுதி. இராமன் தந்தையோடு சடாயுவுக்கும் இங்கே நீர்க்கடன் செய்தான் என்று குருக்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அப்பாவோடு முப்பது ஆண்டுகள் நாற்றங்காலிலும் களத்திலும் நின்று, அவருக்கு ஓராண்டு முன்பே இறந்துபோன மாமாவின் பெயரை அண்ணன் சொன்னார். கேட்டதும் எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் இருவருக்கும் வரப்பு வெட்டக் கற்றுத் தந்தவர் அவர். எனக்கு ஏன் அந்தப் பெயர் முதலில் வரவில்லை?

முக்தீஸ்வரரையும் சொர்ணவல்லி அம்மனையும் தரிசித்துவிட்டு, பசுவுக்கு அகத்திக்கீரை கொடுத்து, பூந்தோட்டம் வந்து பேருந்தேறினோம். இருபுறமும் சம்பா பழுத்துச் சாய்ந்திருந்தது. பாதி வழியில் அண்ணன், சன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, “அறுப்புக்கு ஆள் சொல்லியாயிற்றா?” என்று கேட்டார்.

“இன்னும் இல்லை” என்றேன்.

மிஞ்சிய அரிசியை அம்மா மடியில் வைத்து, முடிச்சை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார்.