இரண்டு மணித்தியாலப் பேப்பருக்குப் பின்னால் எத்தனை மணித்தியாலம்?

வாரத்துக்கு மூன்று மணித்தியாலம் படிப்பித்துவிட்டு மிச்ச நேரம் கன்ரீனில் பிளேன்ரீ குடிக்கிற உத்தியோகம் என்றுதான் கம்பஸ் விரிவுரையாளர்களைப் பற்றி ஊரில் நினைப்பு. மற்ற வேலைகளை விடுங்கள். ஒரேயொரு பரீட்சைப் பேப்பரை எடுத்துக் கணக்குப் பார்ப்போம்.

மூன்று கிரெடிட் பாடம் என்றால் 15 வாரத்தில் 45 மணித்தியால விரிவுரை. பேப்பர் இந்த 45ஐத்தான் அளக்க வேண்டும். பாடத்தின் ஓர் அலகுக்கு 9 மணித்தியாலம் போயிருந்தால் அதற்கு 100இல் 20 புள்ளி. இந்தச் சின்ன அட்டவணையைப் போடாமல் எழுதத் தொடங்கினால், படிப்பித்தவருக்குப் பிடித்த அலகில் 40 புள்ளி வந்து குந்திவிடும். குப்பி, அதாவது ஜூனியர்களுக்குப் பரீட்சைக்கு முதல் பாடம் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு, எடுக்கிற சீனியர்மார் பழைய பேப்பர்களைப் பார்த்து அதை மோப்பம் பிடித்துவிடுவார்கள். பிறகு ஜூனியர்கள் அந்த அலகை மட்டும்தான் படித்துக்கொண்டு வருவார்கள்.

அடுத்தது நேரம். ஒரு புள்ளிக்கு ஒரு நிமிடம், வாசிக்கவும் சரிபார்க்கவும் 20 நிமிடம்: 120 சரி. ஆனால் கடதாசிக் கணக்கை நம்பக்கூடாது. மணிக்கூட்டை முன்னால் வைத்து, முழு விடையையும் கையால் எழுதிப் பார்க்க வேண்டும். கேள்வியைத் தயாரித்தவருக்கே 40 நிமிடத்துக்கு மேல் போனால் பேப்பர் நீளம். பிள்ளைக்கு அதன் மூன்று மடங்கு தேவைப்படும். அப்போது வெட்டுவது எதை என்பதிலும் பிழை விடுகிறோம். பெரும்பாலும் முதல் இலகு பகுதியைத்தான் தூக்குகிறோம். பரீட்சை மண்டபத்தில் கை நடுங்குகிற பிள்ளைக்கு அதுதான் படிக்கட்டு.

பகுதி (அ)வின் விடை இருந்தால்தான் (ஆ)வைச் செய்யலாம் என்று வைத்தால், ஒரு கூட்டல் பிழை அந்தக் கேள்வியின் முழுப் புள்ளியையும் கொண்டுபோகும். "விடை 4.2 எனக் காட்டுக" என்று (அ)வைக் கேட்டால் தவறியவரும் 4.2ஐ வைத்து மேலே போகலாம். இதற்கு ஒரு வரிதான் செலவு.

மொழிக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் பேப்பர் தயாரிப்பவர் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. உயர்தரம்வரை தமிழில் படித்த பிள்ளைக்கு 'உந்தம்' வேறு, 'திருப்பம்' வேறு. இரண்டும் குழம்பவே குழம்பாது. கம்பஸில் ஆங்கிலத்துக்கு மாறியதும் ஒன்று 'மொமென்ரம்', மற்றது 'மொமென்ற்'. திணிவை வேகத்தால் பெருக்க வேண்டிய இடத்தில் விசையைத் தூரத்தால் பெருக்கி வைத்திருந்தால், அவருக்குப் பௌதிகம் தெரியாது என்று அர்த்தமில்லை. சொல்லின் வாலைத்தான் தவறவிட்டிருக்கிறார். கேள்வியிலேயே குறியீட்டையும் அளவீட்டு அலகையும் போட்டுவிட்டால் இந்தப் பிழை அநேகமாக வராது.

கட்டளைச் சொற்களும் அப்படித்தான். 'அக்கவுன்ற் போர்' என்றால் காரணம் காட்டு என்று பொருள். கணக்கு ஏதோ கேட்கிறார்கள் என்று தேடுகிறவர்கள் உண்டு. 'எக்ஸ்பிளெய்ன்', 'ஸ்ரேற்' போன்ற பழகிய சொற்களே போதும். ஒரு வசனத்தில் ஒரு கட்டளை. இரட்டை எதிர்மறை வேண்டவே வேண்டாம்.

"தமிழில் விளங்கப்படுத்தினால் முடிந்ததே" என்பார்கள். முடியாது, தென்பகுதியிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைகளும் அதே வாங்கில்தான் இருக்கிறார்கள். முதல் வாரத்திலேயே மூன்று நிரலில் ஒரு சொற்பட்டியல் கொடுப்பது நல்லது: ஆங்கிலம், தமிழ், சிங்களம். ஒரு பாடத்துக்கு ஐம்பது, அறுபது சொல் போதும். மூன்றாம் நிரலை அந்தப் பிள்ளைகளே நிரப்பித் தருவார்கள்.

பரீட்சைக்கு முதல் பேப்பரை இன்னொரு விரிவுரையாளர் சரிபார்ப்பதுதான் மொடரேஷன். அதில் நண்பர்கள் காற்புள்ளியைத் திருத்திக் கையொப்பம் வைத்துவிடுவார்கள். மாதிரி விடையை மூடிவைத்துவிட்டு ஒரு கேள்வியையாவது தானே செய்து பார்க்கும் மொடரேற்றர்தான் உண்மையில் உதவுகிறவர். அச்சடிக்கும்போது கவனிக்க வேண்டியது: சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் கறுப்புவெள்ளைப் போட்டோகொப்பியில் ஒரே மாதிரிச் சாம்பலாக வரலாம். ஒன்றை முறிகோடாகப் போடுங்கள். கோப்பை பிடிஎப் ஆக்காமல் அனுப்பினால் வேறு கொம்பியூட்டரில் குறியீடுகள் பெட்டி பெட்டியாக மாறி நிற்கும்.

இனித் திருத்தல். 80 பேர், ஆளுக்கு 4 கேள்வி, கேள்விக்கு 4 நிமிடம்: 1280 நிமிடம், அதாவது 21 மணித்தியாலமும் 20 நிமிடமும். நாளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் திருத்தினால் கை தாராளமாகும், அல்லது கஞ்சத்தனமாகும்; ஆக ஒரு கிழமைக்கும் கொஞ்சம் மேல். ஒருவரின் கட்டு முழுவதையும் ஒரே மூச்சில் திருத்தக்கூடாது. எல்லாருடைய முதற் கேள்வியையும் முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போக வேண்டும். அப்போதுதான் முதற் கேள்வியில் அசத்தியவர் என்ற நினைப்பு அவருடைய நாலாம் கேள்விக்குப் புள்ளி போடாது. முதல் பத்துத் தாளைப் பென்சிலால் திருத்துங்கள். எப்படியும் புள்ளித்திட்டத்தில் நினைத்திராத ஒரு சரியான வழியைப் பத்துப் பேரில் ஒருவராவது செய்திருப்பார். திட்டத்தை மாற்றினால் அந்தப் பத்தையும் மறுபடி பார்க்க வேண்டும்.

மே மாதக் காண்டாவன வெயிலில் விசிறி இல்லாமல் இருந்து திருத்த ஏலாது. விசிறியைப் போட்டால் நூல் கட்டாத மேலதிகத் தாள் பறக்கும். முதல் வேலை, ஒவ்வொரு தாளிலும் சுட்டெண் இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு கேள்வியைப் பாதியில் விட்டுக் கடைசிப் பக்கத்தில் தொடர்கிறவர்களும் இருப்பார்கள். வெற்றுப் பக்கத்திலும் ஒரு கோடு கீறிவிட்டால், பார்க்காமல் விட்ட பக்கம் எது என்று தெரிந்துவிடும்.

இதற்குப் பிறகு இரண்டாம் மதிப்பீட்டாளர் வேறு நிறப் பேனையோடு முதலிலிருந்து தொடங்குவார்.

கடைசியாகப் புள்ளிப் பதிவு. எழுதியும் ஒரு புள்ளிகூட எடுக்காதவருக்கு 0, பரீட்சைக்கே வராதவருக்கு 'வரவில்லை'. வராதவரின் கட்டத்தில் 0 அடித்தால் வகுப்புச் சராசரி இறங்கும். அதோடு மருத்துவச் சான்றிதழ் கொடுத்தவர் எழுதித் தவறியவராகப் பதிவாகிவிடுவார். ஒருவர் வாசிக்க மற்றவர் தட்டச்சு செய்து, பிறகு கீழிருந்து மேலாக ஒருமுறை வாசித்துச் சரிபார்த்தால் இந்தப் பிழை பிடிபடும். 80 பேருக்கு அரை மணித்தியாலம்.